ரீனாவின் மீனும் என் மண்வெட்டியும்

போன வாரம் ரீனாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறேன் — ரீனா என் மகள், ஆறாம் வகுப்பு. பழைய வாசகப் பிள்ளைகளுக்கு அவளை என்னைவிட நன்றாகத் தெரியும்.

கூட்டம் முடிகிற நேரத்தில் டீச்சர் ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். "இந்தத் தொட்டித் தண்ணிய மாத்தணும். பசங்க செஞ்சா வகுப்பு பூரா ஈரமாயிடுது. அப்பாங்க யாராவது ஒரு நாள் வந்து உதவ முடியுமா?"

தண்ணீரை வெளியேற்றுகிற வேலை. என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை பாதியிலேயே கீழே வந்தது. பிடித்து இழுத்தது ரீனா.

"எங்கப்பா வேணாம் மிஸ்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. டீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார். அப்படியென்றால் கதை அவர் வரைக்கும் வந்துவிட்டது... பெற்ற அப்பனை இத்தனை பேர் முன்னால் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லலாமா? நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அதற்கும் அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரத் துடிக்கிற தண்ணீர். இரவு பகலாகப் பம்ப் வைத்து அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு வந்துவிடும். மழைத் தண்ணீர் தனிக் கணக்கு. நான் அங்கே பம்ப் ஆபரேட்டர்.

பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு போடுவது இந்தத் தண்ணீர்தான். அதனால் எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் என் கை தானாக மண்வெட்டியைத் தேடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தேங்கியிருந்ததைக் குச்சியால் கீறி வடிய விட்டுவிட்டு, பூசைக்குப் பாதியில் போய் நின்றேன். காலெல்லாம் சேறு. என் மனைவி ஸ்டெல்லா தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், அது பார்ப்பதைவிட மோசம்.

சரி, அந்தக் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம்.

அதில் முன்பு இரண்டு தங்க மீன்கள் இருந்தன. யார் வாரம் வருகிறதோ அவர்கள் இரை போட வேண்டும். ரீனாவின் வாரம் வந்தது. டப்பாவில் இருந்த இரையைப் பார்த்தாள். கடுகு மாதிரி இருந்தது. பாவம், இதைத் தின்று எப்படி வயிறு நிறையும்? தன் டிபன் பாக்ஸில் இருந்த இட்லியை உதிர்த்துப் போட்டாள். மீன்கள் ஆசையாகத் தின்றன. மறுநாளும் போட்டாள். அதற்கடுத்த நாள் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. மீன்கள் இரண்டும் மல்லாந்து கிடந்தன.

அன்றிலிருந்து ரீனாவுக்கு வகுப்பில் பெயர் 'இட்லி'. வருகைப் பதிவின்போது அவள் "உள்ளேன் மிஸ்" என்றால் பின் பெஞ்சிலிருந்து "சட்னி" என்று ஒரு குரல் வருமாம்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று சொல்லிவிட்டாள் — "காலாண்டு லீவு முடிஞ்சு வரும்போது நானே ஒரு மீன் பிடிச்சு, உயிரோட கொண்டாந்து இதுல விடுவேன்."

வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாள். "அப்பா, சொல்லிட்டேன். இப்ப மீனு எங்கப்பா பிடிக்கிறது?"

"அப்பா இருக்கேன்ல?" என்றேன்.

பிள்ளைகளே, அப்பாக்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர்களிடம் பெரும்பாலும் எந்தத் திட்டமும் இருக்காது.

திட்டம் கொடுத்தது சுப்பையா. பக்கத்துக் குவார்ட்டர்ஸ். வெட்டிய கரியை ஓடும் பட்டையில் வரிசையாக அனுப்புகிற கன்வேயர் பிரிவில் வேலை. சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் எங்கள் வீட்டில்தான் பாதிச் சாப்பாடு.

"அண்ணாச்சி, கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு அணை இருக்குல்லா? சுத்தி காடு. போயி ஒரு ராத்திரி தங்கி, தூண்டில் போட்டா முடிஞ்சுது சோலி. எங்கூர்ல மீனு நம்ம நிழலப் பாத்தாலே வந்துரும்."

"நிழலப் பாத்து வந்துகினு, மூஞ்சியப் பாத்து ஓடிடுமா தம்பி?" என்றாள் ஸ்டெல்லா. அவள் குறிஞ்சிப்பாடிப் பெண். கிண்டல் சட்டென்று வந்துவிடும்.

லீவின் கடைசி சனிக்கிழமை கிளம்பினோம். சாமான்களில் நான் எதையும் விடவில்லை. தார்ப்பாய், கயிறு, டார்ச், என் சுரங்க ஹெல்மெட், முட்டி வரை ரப்பர் பூட்ஸ், ஒரு சின்ன மண்வெட்டி. மீனைக் கொண்டுவர மூடி போட்ட பால் கேன்.

"மீன் பிடிக்கப் போறதுக்கு மம்புட்டி எதுக்குங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"மழ வந்தா?" என்றேன்.

அவள் ஒரு பெரிய தூக்கில் புளிச்சோறு கட்டினாள்.

"ராத்திரிக்கு மீன் குழம்புதானேம்மா?" என்றாள் ரீனா.

"ஆமாண்டி. இது சும்மா... தொட்டுக்க."

விருத்தாசலத்தில் தூண்டில் முள்ளும் நரம்பும் தக்கையும் வாங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, அணைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பின்னால் மலை, பச்சையும் நீலமுமாக. முன்னால் தண்ணீர்... எவ்வளவு தண்ணீர் தெரியுமா? நான் நின்று பார்த்தேன். யாரும் இறைக்கவில்லை. யாருக்கும் இறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள். எனக்கு மனசு என்னவோ செய்தது.

வாட்ச்மேன் ஒருவர் சைக்கிளில் வந்தார். "எந்தூருங்க?"

"நெய்வேலிங்க. பாப்பாவுக்கு ஒரு மீனு வேணும். கரையோரம் ஒரு ராத்திரி தங்கிக்கலாமா?"

"வல போடக் கூடாது. தூண்டில்னா போட்டுக்குங்க. அதோ அந்தப் புளியமரத்தாண்ட தங்கிக்குங்க, தண்ணியில மட்டும் எறங்காதீங்க." பிறகு என் ஹெல்மெட்டைப் பார்த்தார். "அங்க இன்னா வேல உங்களுக்கு?"

சொன்னேன்.

அவர் அணையைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணிய உள்ள வெச்சிருக்க எனக்குச் சம்பளம். வெளிய தள்ள உங்களுக்குச் சம்பளம்... நல்லாத்தான் நடக்குது," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு மூங்கில் கம்புதான் சரியாக அமைந்தது. ஆள் நான்கு. அதனால் ஷிப்ட் போட்டேன். முதல் ஷிப்ட் நான், அடுத்து சுப்பையா, அடுத்து ரீனா. ஸ்டெல்லா பொது மேற்பார்வை. சுரங்கத்தில் ஒரு விதி உண்டு. அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்குகிற வரைக்கும் இருக்கிற ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. வருகிறவருக்குப் பெயர் ரிலீவர். அந்த விதி இங்கேயும் உண்டு என்று அறிவித்தேன்.

என் ஷிப்டில் தக்கை அசையவே இல்லை. சுப்பையா ஷிப்டில் நிறைய நடந்தது. முதலில் ஒரு மரக்கிளையைப் பிடித்தார். அடுத்து ஒரு பழைய செருப்பு. மூன்றாவதாக முள்ளைப் பின்னால் வீசி, தன் லுங்கியையே பிடித்தார்.

"நெழலு சரியா விழலையோ தம்பி?" என்று ஸ்டெல்லா விசாரித்தாள்.

சிறிது நேரத்தில் சுப்பையா நெளிய ஆரம்பித்தார். "அண்ணாச்சி, ஒதுங்கணும். ரிலீவரக் கூப்பிடுங்க."

ரீனா தூரத்தில் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தாள். "ரீனா, ஷிப்ட்" என்று கத்தினேன். ஓடி வந்தாள். சுப்பையா கம்பை நீட்டுகிறார், இவள் வாங்குகிறாள்... தக்கை குபுக்கென்று உள்ளே போனது.

"இழு" என்று மூன்று பேரும் கத்தினோம். இழுத்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன், வெயிலில் மின்னிக்கொண்டு துள்ளியது. ரீனா சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அது மீன் இல்லை. திங்கட்கிழமை.

சுப்பையாவுக்கு அப்போதும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "அண்ணாச்சி, கடிச்சது எஞ் ஷிப்ட்லலா? புரொடக்‌ஷன எங்கணக்குலதான் காட்டணும்."

"உன் ஷிப்ட்ல செருப்பு வந்துச்சே தம்பி, அதக் காட்டிக்கோ," என்றாள் மேற்பார்வை. அத்தோடு வழக்கு முடிந்தது. சுப்பையா மரத்துக்குப் பின்னால் ஓடினார்.

மீனை எங்கே வைப்பது? கேனில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தால் மூச்சு முட்டும் என்று ரீனா பயந்தாள். அதனால் தார்ப்பாயைக் கட்டிப் போட்ட கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே, அவளும் சுப்பையாவும் சேர்ந்து ஒரு குழி தோண்டினார்கள். அண்டா அளவு. தண்ணீர் நிரப்பி மீனை விட்டு, காக்கா கொத்தாமல் இருக்க மேலே புங்கந்தழை போட்டு மூடினார்கள். ரீனா பக்கத்திலேயே உட்கார்ந்து அதற்கு வகுப்பில் யார் யார் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 'சட்னி' என்று கத்துகிறவன் எந்தப் பெஞ்சு என்பது உட்பட.

அப்புறம் ஒரு மீனும் கிடைக்கவில்லை. மீன் குழம்பு இல்லை. தொட்டுக்கொள்ள வந்த புளிச்சோறு முழுச்சோறு ஆனது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மலைப் பக்கம் கறுத்தது. சூரியன் இருக்கும்போதே இருட்டி, மழை பிடித்துக்கொண்டது.

தார்ப்பாய்க்குள் ஒடுங்கினோம். சரிவிலிருந்து தண்ணீர் இறங்கி எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது. எல்லோரும் காலை மடக்கினார்கள்.

நான் மட்டும் எழுந்தேன். பூட்ஸ். ஹெல்மெட். மண்வெட்டி.

"ஏங்க, மழ விடட்டுமே," என்றாள் ஸ்டெல்லா.

"மழ விடுறவரைக்கும் தண்ணி காத்துகினு இருக்குமா?" என்றேன். எனக்கே அந்தக் குரல் கம்பீரமாகக் கேட்டது.

இறங்கி வெட்டினேன். கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால். அதிலிருந்து நேராக அணையை நோக்கி ஒரு வாய்க்கால். நடுவே அங்கங்கே தேங்கி நின்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து வடியவிட்டேன். தழை கிடந்தால் தழையை ஒதுக்கினேன், பள்ளம் கிடந்தால் கரையை உடைத்தேன். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையாகப் போனது. மழை நின்றபோது கூடாரத்தைச் சுற்றி ஒரு சொட்டு இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீங்களா? இதான் வேல."

சுப்பையா டார்ச்சை அடித்துப் பார்த்தார். "அருமை அண்ணாச்சி. ஒரு இடத்துலயும் தண்ணி இல்ல."

ரீனா வெளியே வந்தாள். டார்ச் வெளிச்சம் போன வழியே பார்த்தாள். "அப்பா," என்றாள். "ஒரு இடத்துலயும் இல்லையா?"

எனக்கு அப்போதுதான் புங்கந்தழை ஞாபகம் வந்தது.

அவள் குழியிடம் போய்க் குனிந்தாள். குழி துடைத்துவிட்டது போல இருந்தது. அதிலிருந்து அணைக்கு ஒரு அழகான, நேரான, தண்ணீர் ஓடச் சரியான வாட்டம் கொடுத்த வாய்க்கால். அவ்வளவு நல்ல வாய்க்காலை என் வாழ்நாளில் வெட்டியதில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். சுப்பையா டார்ச்சை அணைத்துவிட்டார். ஸ்டெல்லா ரீனாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தலையைத் துவட்டும்போது ரீனா கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, என்னை இனிமே எட்டாவது வரைக்கும் இட்லின்னுதான் கூப்பிடுவாங்களா?"

விடியற்காலையிலேயே தூண்டிலோடு நான் போய் நின்றேன். ஷிப்ட் எல்லாம் ரத்து, முழுக்க என் டியூட்டி. தக்கை அசையவில்லை. பஸ் பதினோரு மணிக்கு. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் வந்தார், சுப்பையா அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

அவர் என் வாய்க்காலை நடந்து பார்த்தார். "வாட்டம் நல்லா குடுத்திருக்காருங்க," என்றார்.

அப்போது ரீனா கூப்பிட்டாள். பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அணைத் தண்ணீர் ஏறியபோது நிரம்பி, இறங்கியபோது தனியாக நின்றுவிட்ட தண்ணீர். முழங்கால் ஆழம் இருக்கும், ஒரே கலங்கல்.

"உள்ள என்னமோ அசையுதுப்பா. கறுப்பா."

தூண்டிலைப் போட்டேன். முள் பாசியில் சிக்கிக்கொண்டது. மறுபடி போட்டேன். மறுபடி பாசி.

ரீனா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் இதுதான்:

"ஏம்ப்பா, உங்களுக்குத் தண்ணிய வெளிய தள்ளத்தான் தெரியும்னா, இதத் தள்ளுங்களேன்."

எனக்கு ஏன் தோன்றவில்லை? தூண்டில் எனக்குத் தெரியாத வேலை. அதைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறேன். தெரிந்த வேலை காலடியில் கிடக்கிறது.

முதலில் அணைப் பக்கம் மண்ணைப் போட்டுக் கரை கட்டினேன். இல்லையென்றால் இந்தப் பக்கம் இறைக்க இறைக்க அந்தப் பக்கம் ஊறி வந்துவிடும். பிறகு இறைத்தோம். ஸ்டெல்லா மீன் குழம்புக்கென்று கொண்டுவந்த பானையால். சுப்பையா தூக்கால். நான் என் ஹெல்மெட்டால். கன்வேயர்க்காரர் என்பதால் சுப்பையாவுக்கு வரிசையாக நிற்காவிட்டால் வேலை ஓடாது. "கைமாத்தி விடுங்க மதினி, கைமாத்தி விடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, ஸ்டெல்லா கைமாற்றிய பானைத் தண்ணீர் பாதி அவர் தலையிலேயே விழுந்தது. தவறியா, வேண்டுமென்றா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தது. சேறு தெரிந்தது. இரண்டு நண்டு, கொஞ்சம் பொடி மீன். பிறகு சேற்றைப் பிளந்துகொண்டு அந்தக் கறுப்பு ஓடியது.

"விராலு," என்றார் வாட்ச்மேன். அவர் எப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது.

விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய விரால் குஞ்சு. சுப்பையா பாய்ந்தார், அது நழுவியது, அவர் உட்கார்ந்தார். நான் பிடித்தேன், நழுவியது. ரீனா என் கையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். பதறவில்லை. அது ஒரு மூலையில் முட்டுகிற வரைக்கும் காத்திருந்து, சேற்றோடு சேறாக ஒரே அள்ளாக அள்ளினாள்.

பால் கேனில் விட்டு மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். மிச்சத்தை என்ன செய்வது? என் கரையை நானே உடைத்து, பொடி மீன்களை அணையோடு போகவிட்டேன். உடைக்கும் முன் ரீனாவிடம் அனுமதி கேட்டேன். "இப்ப உடைக்கலாம்," என்றாள்.

பஸ்ஸில் கேன் என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கை தண்ணீர் என் பேண்டில். கண்டக்டர் ஈரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செய்கிற வேலை நம்மைச் சும்மா விடாது பிள்ளைகளே. தையல்காரர் கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சட்டைக் காலரைப் பார்ப்பார். டீச்சர் கல்யாணப் பத்திரிகையிலும் பிழை திருத்துவார். கை அதுபாட்டுக்குப் பழகிவிடுகிறது... கண்ணைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. பழகிய கை நல்ல கைதான். ஆனால் வெட்டுவதற்கு முன் தழையைத் தூக்கிப் பார்க்கும்படி அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ரீனா கேனோடு வகுப்புக்குள் போனாள். விரால் தொட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூலையில் போய் எல்லோரையும் முறைத்துப் பார்த்ததாம். தங்க மீன்கள் முறைத்ததே இல்லை என்று வகுப்பே வியந்ததாம். பின் பெஞ்சுப் பையன் அவள் பக்கத்தில் வந்து, "ரீனா, பேரு என்ன வெச்சிருக்க?" என்று கேட்டானாம். இட்லி இல்லை. ரீனா.

"ரிலீவர்," என்று சொன்னாளாம். "முதல் மீனு டியூட்டி முடிச்சிட்டுப் போயிடுச்சு. இது அதுக்கு அடுத்த ஷிப்ட்."

முதல் மீன் எப்படி டியூட்டி முடித்தது என்பதையும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சிரிப்பு.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கே பொறுக்கவில்லை போல. எங்கள் பிளாக் முனை திரும்பும்போது என் சட்டையை இழுத்தாள்.

"சரிப்பா, வெள்ளிக்கிழம வாங்க. தண்ணிய அம்மா எடுப்பாங்க. நீங்க ஊத்த மட்டும் செய்யுங்க."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, தண்ணீரை உள்ளே விடப்போகிறேன். நேற்றே ஒரு வாளியில் பழகிப் பார்த்துவிட்டேன்.